ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

எங்கள் பழைய ஆபீஸில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "மேடம், நீங்களும் எதாச்சும் எழுதிக் குடுங்க" என்று சந்தியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த பெண். பேச்சுவாக்கில், "இப்பல்லாம் குவெரி எழுதுறதே இல்ல மேடம். இந்த வயசுலேர்ந்து இந்த வயசு வரைக்கும் இருக்கிறவங்க வேணும்னு தமிழ்ல டைப் பண்ணா போதும், அதுவே எழுதிடுது. நீங்கல்லாம் கையாலயா எழுதினீங்க?" என்று கேட்டாள். அந்தக் காலத்தில் துணியைக் கல்லில் அடித்தா துவைத்தீர்கள் என்று கேட்கிற அதே குரல். ஆமாம் தாயே, கையால்தான் எழுதினோம். கையால் எழுதினதால் கையால் செய்த தப்பும் ஒன்று இருக்கிறது. மலரில் போட ஆசைப்பட்டால் அதைப் போட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் ஆபீஸ் சின்னக்கடைத் தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடி. கீழே எவர்சில்வர் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். மேலே நாங்கள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்போம். லாட்ஜ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரிசி மில் என்று யார் எந்தப் பட்டியலைக் கொண்டுவந்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்போம். பிறகு அவர்கள் கேட்கும்போது கேட்டதை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுப்போம். அப்படிப் பிரிக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கேள்விக்குத்தான் குவெரி என்று பெயர். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு வேலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள். அந்த ஆறு மாதத்தில் ஐந்து மாதம் நோட்டில்தான் எழுதினோம். ஆறாவது மாதம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய் அதைத் தரிசித்தோம். என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தத் தொழிலில் பாதி நாள் செய்கிற வேலை ஒன்றுதான். இங்கிருந்து இதுவரை என்று இரண்டு எல்லை கொடுத்து, நடுவில் இருப்பவற்றை எடுப்பது. இந்த வயது முதல் அந்த வயது வரை, இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை, இவ்வளவு மார்க் முதல் அவ்வளவு மார்க் வரை. நடுவில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். சரியாக எல்லையின் மேலேயே உட்கார்ந்திருப்பது உள்ளேயா வெளியேயா என்பதில்தான் வம்பு.

அந்த வம்பைத் தன் சொந்த வம்பாக எடுத்துக்கொண்டவர் எங்கள் மேனேஜர் தயாளன் சார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர். ஏசி ஆகாது என்பதால் சித்திரை மாதத்திலும் ஆபீஸுக்குள் மஃப்ளரோடு இருப்பார். ஸ்க்ரீனில் பார்த்தால் எழுத்து ஓடுகிறது என்று எந்தப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்துத்தான் பார்ப்பார். எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தால் முதலில் பேப்பரின் நான்கு ஓரத்தையும் தட்டி ஒழுங்கு பண்ணுவார். பாக்கெட்டிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போடுவார். எவர்சில்வர் ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைத்து அந்த ஒரு வரியைப் படிப்பார். அப்படியே கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கடைசி வரிக்கு அடியில் ஸ்கேலை வைப்பார். நடுவில் இருக்கிற நாற்பது பக்கத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

"உள்ள மொத ஆளு இவரு. கடைசி ஆளு இவரு. சரி. வெளிய நிக்கிறவங்க யாரு?" என்பார்.

அதாவது இந்தப் பக்க எல்லைக்கு வெளியே இருக்கும் பத்துப் பேர், அந்தப் பக்க எல்லைக்கு வெளியே இருக்கும் பத்துப் பேர், ஆக இருபது பெயரைத் தனியாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இருபது பேரையும் ஸ்கேல் வைத்து ஒவ்வொருவராகப் படிப்பார். ஏன் சார் இவ்வளவு பாடு என்று ஒரு நாள் கேட்டேன். "உள்ள இருக்கிறவன் நம்மளத் தேடி வரமாட்டாம்மா. வெளிய நிக்கிறவன்தான் வருவான். வரும்போது அவன் மூஞ்சியப் பாத்து பதில் சொல்லணும் இல்ல?" என்றார். எனக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. வேலைக்கு வந்த முதல் வருஷம் அவர் ஏலக்காய் தீர்ந்துபோகக் கூடாதா என்றுகூட வேண்டியிருக்கிறேன். ஏலக்காய் இல்லாமல் அவர் பேப்பரைத் தொட மாட்டார்.

எல்லையில் நான் முதலில் சூடு பட்டது ஒரு லாட்ஜ் விஷயத்தில். பௌர்ணமி என்றால் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கிரிவலம் வருகிறவர்கள் ரூம் கேட்டு வரிசையில் நிற்பார்கள். இன்றைக்கு எந்த எந்த ரூமில் ஆள் இருக்கிறது என்று காட்ட ஒரு லாட்ஜுக்கு நான் குவெரி எழுதிக் கொடுத்திருந்தேன். வந்த தேதிக்கும் காலி செய்யும் தேதிக்கும் இடையில் இன்றைய தேதி இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கென்றே 'பிட்வீன்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதைத்தான் போட்டேன். பிட்வீன் இரண்டு எல்லையையும் சேர்த்துக்கொள்ளும். அதனால் காலையில் காலி செய்துவிட்டு பஸ் ஏறிப் போனவர்களையும் அது அன்றைக்கு முழுக்க ரூமிலேயே உட்கார வைத்துவிட்டது. பௌர்ணமி மத்தியானம் ஒன்பது ரூம் காலியாகக் கிடக்க, ரூம் இல்லை என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

லாட்ஜ் முதலாளி மாடிப்படி ஏறி வந்து என் எதிரில் நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "ஏம்மா, போனவன் இன்னும் உள்ளதான் இருக்கான்னு சொல்லுதே உன் மெஷினு. அவன் ஆவியா?" என்று கேட்டார். ஆபீஸ் மொத்தமும் சிரித்தது. தயாளன் சார் மஃப்ளரால் வாயை மூடிக்கொண்டார். ஒரு மாதம் வரைக்கும் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஆவி சௌக்கியமா என்று கேட்டார்கள்.

அன்றோடு பிட்வீனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். 'இதைவிடப் பெரியது', 'இதைவிடச் சிறியது' என்ற குறிகளைப் போட்டு எல்லையில் இருப்பவர்களைக் கழித்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது. லாட்ஜ் கணக்கில் போகிற தேதியை மட்டும் கழித்தால் போதும். ஆனால் ஒரு பக்கம் பட்ட சூட்டுக்கு நான் இரண்டு பக்கமும் கையை இழுத்துக்கொண்டேன். 'பெரியது' குறிக்குப் பக்கத்தில் 'சமம்' குறியைப் போட்டால் எல்லையில் இருப்பவரும் சேர்ந்துவிடுவார். போட வேண்டிய இடங்களில் தயாளன் சாரின் ஸ்கேல் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது. அதனால் பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை, நானும் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்குப் பெண்களை எடுத்தது. ஒரு வருஷம் பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும், வயது பதினெட்டு முதல் முப்பத்தைந்து. குழப்பமே வரக்கூடாது என்று நோட்டீஸிலேயே இரண்டு பிறந்த தேதிகளை அச்சடித்து, இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதிக்குள் பிறந்தவர்கள், இரண்டு தேதிகளும் உட்பட என்று போட்டிருந்தார்கள். இரண்டுமே ஜூன் ஒன்றாம் தேதிகள். விண்ணப்பங்கள் ஆயிரத்துக்கு மேல் வந்தன. அவற்றை ஏற்றி, தகுதி உள்ளவர்களை இன்டர்வியூவுக்குப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

அந்த வாரம் தயாளன் சார் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போளூர் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பட்டியலைக் கொடுக்க வேண்டும். வியாழன் மத்தியானம் போன் செய்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"லிஸ்ட் ஆச்சாம்மா?"

"ஆச்சு சார்."

"வெளிய நிக்கிறவங்கள பாத்தியா?"

"பாத்தாச்சு சார்" என்றேன். பார்க்கவில்லை. ஏலக்காயும் ஸ்கேலும் இல்லாத ஒரு நாள் கிடைத்த சந்தோஷத்தில் நான்கு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். விண்ணப்பம் கொடுத்ததற்கான சீட்டை நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். பெயர் மல்லிகா, கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம். ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டில் பார்த்திருக்கிறாள், பெயர் இல்லை. வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு எங்களைத் தேடி வந்திருக்கிறாள்.

"லிஸ்ட் நீங்கதான் எடுத்தீங்களாம் மேடம். என் பேரு வரல."

"தகுதி இருந்தா வந்திருக்கும்மா."

"நோட்டீஸ்ல போட்டிருக்கிற தேதிதான் மேடம் என் தேதி. அந்த தேதியும் சேத்தின்னு போட்டிருக்குது."

நான் அவள் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர் எடுத்த லிஸ்டும்மா இது. அது தப்பு பண்ணாது. அதுக்கு உன்னயும் தெரியாது, என்னயும் தெரியாது" என்றேன். இது என்னுடைய பிரியமான வசனம். எத்தனையோ பேரை இதைச் சொல்லிப் படியிறக்கியிருக்கிறேன்.

அவள் இறங்கவில்லை. "எனக்கு மட்டும் இல்ல மேடம். எங்க செட்டுப் பொண்ணுங்க பதினோரு பேரு போட்டோம். பதினோரு பேருக்குமே வரல. எல்லாருக்கும் ஒரே தேதிதான்."

"பதினோரு பேருக்கும் ஒரே பொறந்த நாளா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னிக்கு உங்க ஊரு மருத்துவச்சிக்கு கை ஓஞ்சிருக்குமே."

மல்லிகா சிரிக்கவில்லை. "பொறந்தது வேற வேற நாளு மேடம். ஸ்கூல்ல எழுதினது ஒரே நாளு. ஜூன் மாசம் ஸ்கூல் தெறக்கும்போது அஞ்சு வயசு ஆயிருக்கணும் இல்ல, அதுக்காக ஹெட்மாஸ்டரு எல்லாருக்கும் ஜூன் ஒண்ணுன்னு எழுதிடுவாரு. நான் கார்த்திகை தீபத்துக்கு மறுநாளு பொறந்தவ. நெஜமா பாத்தா எனக்கு முப்பத்தஞ்சே இன்னும் ஆவல."

அவள் சீட்டை மறுபடி கவருக்குள் போட்டாள்.

"அடுத்த வருஷம் போட முடியாது மேடம். இதான் கடைசி. எங்க மாமியார மூணு வருஷம் படுக்கையிலயே வெச்சு பாத்தேன். முதுகுல ஒரு புண்ணு வர விடல. எனக்கு தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான். சரி, வரலன்னா இன்னா பண்றது. புதன்கிழமை செருப்புக் கம்பெனி வேன் வருது, அதுல ஏறிக்கிறேன்."

அவள் போனபின் டீ வந்தது. டீ ஆறிப்போகிற வரைக்கும் அந்தப் பதினோரு பேர் என் தலையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், எந்தத் தேதியில் எத்தனை பேர் பிறந்திருக்கிறார்கள் என்று ஒரு குவெரி போட்டேன். ஒவ்வொரு தேதிக்கும் எதிரில் ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. பழைய வருஷங்களில் ஜூன் ஒன்று வரும்போதெல்லாம் எண் எகிறியது, முப்பத்தைந்து வயது எல்லையான ஜூன் ஒன்றுக்கு எதிரில் இருபத்து மூன்று என்று வந்தது. அந்தப் பக்கம், பதினெட்டு வயது எல்லையில் இரண்டே பேர். அந்தத் தலைமுறைப் பெண்கள் ஆஸ்பத்திரியில் பிறந்து, நிஜமான பிறந்த தேதிக்கே சர்டிபிகேட் வாங்கியவர்கள்.

பிறகு நான் எழுதிய குவெரியைத் திறந்து பார்த்தேன். 'பெரியது' இருந்தது. 'சமம்' இல்லை.

வேறு ஊராக இருந்தால் அந்த ஒரு நாளில் ஒருத்தியோ இருவரோ விட்டுப்போயிருப்பார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் மாவட்டத்தில் அந்த ஒரு நாளுக்குள் ஒரு பள்ளிக்கூடமே உட்கார்ந்திருந்தது. நான் தேரடி பக்கம் பிறந்து வளர்ந்தவள். அப்பா முனிசிபாலிட்டியில் என் பிறப்பை மணி நிமிஷத்தோடு பதிந்து வைத்தவர். பிறந்த தேதி என்றால் பிறந்த தேதி என்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. வெளியே நிற்கிற பத்துப் பேரைப் பிரிண்ட் எடுத்திருந்தால் பத்திலும் ஜூன் ஒன்று என்று இருந்திருக்கும், குருடிக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை தயாளன் சார் நிச்சயதார்த்த லட்டோடு வந்தார். லட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் பேப்பர் ஓரத்தைத் தட்டினார். ஏலக்காயை வாயில் போட்டார். இருபத்து மூன்று பெயரையும் ஸ்கேல் வைத்துப் படித்து முடித்தார்.

"எனக்கும் ஜூன் ஒண்ணுதான்" என்றார். "எங்க அண்ணனுக்கும் ஜூன் ஒண்ணு. ரெண்டு பேருக்கும் சரியா ஒரு வருஷம் வித்தியாசம். எங்க அம்மா டைம்டேபிள் போட்டு பெத்தாங்கன்னு எங்க வீட்டுல சொல்லி சிரிப்போம். நீ டவுன் பொண்ணு, உனக்கு எப்படித் தெரியும்."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் அதோடு விட்டிருக்கலாம்.

"வெளிய நிக்கிறவங்கள பாக்கல இல்ல?"

"பாக்கல சார்."

"தெரியும். பாத்திருந்தா எதாச்சும் ஒரு பேரப் பத்தி பொலம்பியிருப்ப. போன்ல அவ்ளோ சீக்கிரம் பாத்தாச்சுன்னு சொன்னப்பவே நெனச்சேன். மேளச் சத்தத்துல விட்டுட்டேன். என் மேலயும் தப்பு இருக்குது."

திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. இரண்டு எல்லையிலுமாக விட்டுப்போன இருபத்தைந்து பேருக்கும் கடிதம் அடித்தேன். கணினிக் கோளாறு காரணமாகத் தங்கள் பெயர் விடுபட்டுவிட்டது என்று ஆரம்பித்திருந்தேன். தயாளன் சார் அந்த வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "சரி, உன் இஷ்டம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அறக்கட்டளைச் செயலாளர் அம்மாவிடமும் கணினிக் கோளாறு என்றுதான் சொன்னேன். அந்த அம்மா கண்டிப்பானவர். "வியாழக்கெழம காலைல பத்து மணிக்கு வந்தா உள்ள விடுவேன். பத்தரைக்கு வந்தா விட மாட்டேன். அப்புறம் தபால் போய்ச் சேரலன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். தபாலை நம்ப முடியாது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்த போன் நம்பர்களில் பாதி வெளியூரில் வேலை செய்யும் கணவன்மாருடையது. அவர்கள் நாங்கள் ஏதோ விற்க வந்ததாக நினைத்துக் கட் செய்தார்கள். டவுனைச் சுற்றி இருந்த ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிவிட்டோம். மிச்சம் பேர் எல்லாரும் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு கிராமம். ஒரே ஹெட்மாஸ்டரின் கைங்கரியம் என்பதால் தேடி அலைய வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தயாளன் சார் டிவிஎஸ் வண்டியில் முன்னால் போக நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன். முதல் கிராமத்தில் ரேஷன் கடை வாசலில் கூட்டம் இருந்தது. தயாளன் சார் வண்டியை நிறுத்தி மஃப்ளரை இறக்கிவிட்டு, "ஜூன் ஒண்ணுல பொறந்தவங்கள்லாம் கொஞ்சம் இப்படி வாங்க" என்றார். வரிசையில் முக்கால்வாசி கலைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. கையில் மண்ணெண்ணெய் கேனோடு ஒரு பெரியவர், "எனக்கும் அன்னிக்குத்தான். இன்னா குடுக்கிறீங்க?" என்று முதல் ஆளாக வந்து நின்றார். ரேஷன் கடைக்காரரே எழுந்து வந்தார். அப்புறம் பொம்பளைங்க மட்டும், அப்புறம் பத்தாவது பாஸ் செய்தவர்கள் மட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு மனு போட்டவர்கள் மட்டும் என்று தயாளன் சார் அங்கேயே நின்று வாயாலேயே குவெரி போட்டு ஆளைப் பிரித்தார். கேன் பெரியவர் மட்டும் கடைசி வரைக்கும் நகரவில்லை.

பெண்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியிடமும் நான் சொன்னது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சும்மா." அவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரைக்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. "மெஷினுதானே, அதுக்கு இன்னா தெரியும்" என்றாள் ஒருத்தி. "பாவம், எவ்ளோ பேரத்தான் பாக்கும்" என்றாள் இன்னொருத்தி. எனக்கு ஒவ்வொரு வீட்டிலும் மோர் கொடுத்தார்கள்.

மல்லிகாவின் வீடு இரண்டாவது கிராமத்தில் கடைசி. வாசலில் வேர்க்கடலை காயப்போட்டுக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். தயாளன் சார் வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றுவிட்டார். நான் மட்டும் போய்க் கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சு மல்லிகா. உன் பேரு இருக்குது. வியாழக்கெழம வா."

"அன்னிக்கு கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இன்னிக்கு பண்ணிடுச்சுன்றீங்க. நான் நாளைக்கு வேன விட்டுட்டு, கம்பெனிக்காரன் எனக்கு வெச்சிருக்கிற எடத்தையும் விட்டுட்டு அங்க வந்து நிப்பேன். அங்க போனா, கம்ப்யூட்டர் மறுபடியும் மாத்தி சொல்லிடுச்சும்மான்னு சொல்ல மாட்டீங்கன்னு இன்னா நிச்சயம்? நீங்களே சொல்லுங்க."

அவள் கேட்டது நியாயம். வேனை விட்டால் அந்த வேலை போய்விடும், என்னை நம்பி வந்தால் இந்த வேலை கிடைக்கும் என்றும் இல்லை. யாரை நம்பி அவள் வேனை விடுவாள்? தப்பே பண்ணாது என்று ஒரு நாளும் பண்ணிவிட்டது என்று இன்னொரு நாளும் நான் சொல்கிற ஒரு பெட்டியை நம்பியா? பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முன்னால் கடிதம் வாங்கினவர்களில் மூன்று பேர் கூடவே வந்திருந்தார்கள். இவர்கள் எதிரிலா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு கம்ப்யூட்டரோடது இல்ல மல்லிகா" என்றேன். "என்னோடது. உன் தேதியும் சேரணும்னு அதுக்கு நான்தான் எழுதிக் குடுக்கணும். எழுதல. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கணும்னு எங்க சார் சொன்னாரு. அதையும் பாக்கல. பாத்துட்டேன்னு அவருகிட்ட பொய் சொன்னேன். இப்ப சரி பண்ணி நானே பாத்திருக்கேன். உன் பேரு இருக்குது."

மல்லிகா கடலை மேலிருந்து இறங்கி வந்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினாள்.

"தெரியும் மேடம். அன்னிக்கு பதினோரு பேருன்னு சொன்னதும் உங்க கண்ணு அந்த டிவிப் பொட்டிப் பக்கம் போச்சு பாருங்க, அப்பவே தெரியும். வாயால சொல்றீங்களான்னுதான் பாத்தேன்" என்றாள். பிறகு கூட வந்தவர்களைப் பார்த்து, "இன்னாங்கடி பாக்கறீங்க, உள்ள போயி மேடத்துக்கு தண்ணி கொண்டாங்க" என்றாள். தயாளன் சார் மரத்தடியில் வேறு பக்கம் திரும்பி மஃப்ளரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை அந்த வேன் மல்லிகா இல்லாமல் போயிற்று. வியாழக்கிழமை பத்து மணிக்கு இருபத்தைந்து பேரில் இருபத்து நான்கு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி அதற்குள் திருப்பூர் போய்விட்டிருந்தாள், அவளுக்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் பெயர் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுத மனம் வரவில்லை.

இன்டர்வியூ மார்க் பட்டியல் அடுத்த வாரம் எங்களிடம் வந்தது. இந்த முறை குவெரியை இரண்டு விதமாக எழுதி ஒத்துப்பார்த்தேன். வெளியே நிற்கும் பத்துப் பேரைத் தயாளன் சார் கேட்பதற்கு முன்பே பிரிண்ட் எடுத்து வைத்தேன். மல்லிகா தேர்வாகியிருந்தாள், நல்ல மார்க். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியைப் பற்றி அவளிடம் கேட்டார்களாம். அவள் சொன்ன பதிலைச் செயலாளர் அம்மா தன் நோட்டில் எழுதிக்கொண்டாராம். ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்களில் அவளையும் சேர்த்து ஏழு பேர் தேர்வானார்கள்.

போர்டில் பட்டியல் ஒட்டிய அன்று மல்லிகா நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். அழுவாள், நன்றி சொல்வாள், நான் பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்று சொல்லலாம் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"ஏழு பேரு மேடம். மீதி பேருக்கு?" என்று கேட்டாள்.

"அவங்களுக்கு தபால் போவும்மா."

"வான்னு சொல்றதுக்கு வீட்டுக்கு வந்தீங்க. இல்லன்னு சொல்றதுக்கு தபாலா?"

தயாளன் சார் என்னைப் பார்த்தார். நான் ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். கூப்பிடப் போன அன்றைக்கு என் தப்பைச் சரிசெய்யப் போகிறேன் என்று ஒரு தைரியம் இருந்தது. இன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. இவர்கள் ஒரு தடவை மனசைத் தேற்றிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனவர்கள். நான்தான் வீடு தேடிப் போய் மறுபடி ஆசை காட்டினேன்.

முதல் வீடு பூங்காவனத்தினுடையது. மல்லிகாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"இந்த தபா கம்ப்யூட்டர் சரியா பாத்துச்சா மேடம்?"

"நான் பாத்தேன் பூங்காவனம். ரெண்டு தடவ பாத்தேன். மூணு மார்க்குல நீ வெளிய நின்னுட்ட."

அவள் இன்னும் நாலு கடலையை உடைத்து முறத்தில் போட்டாள். அப்புறம் நிமிர்ந்து, "நீங்க பாத்தீங்கன்னா சரிதான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. மல்லிகா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முறத்திலிருந்து ஒரு கை அள்ளித் தானும் கடலை உடைக்க ஆரம்பித்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீடு எது என்று கேட்டேன்.